நள்ளிரவில் யாரை எழுப்புவது?

(காணாமல் போகும் குழந்தைகளுக்கான அவசர அறிவிப்பு குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கேரளத்தில் கொல்லம் மாவட்டத்து ஓயூரில், 2023 நவம்பர் 27 மாலை, ஓர் அண்ணனும் தங்கையும் டியூஷனுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். தங்கைக்கு ஆறு வயது. பக்கத்தில் வந்து நின்ற வெள்ளைக் காருக்குள் அந்தப் பிள்ளையை இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணனும் சின்னப் பையன்தான். மல்லுக்கட்டிப் பார்த்தான், முடியவில்லை. ஆனாலும் கார் வெள்ளை நிறம், உள்ளே ஒரு பெண்ணும் இருந்தாள் என்று பெரியவர்களிடம் தெளிவாகச் சொன்னான். அந்தத் தகவல் போலீஸுக்குப் போனது. அங்கிருந்து தொலைக்காட்சிகளுக்குப் போனது. அன்றிரவு கேரளம் தூங்கவில்லை. சாலைக்குச் சாலை வண்டிகளை நிறுத்திப் பார்த்தார்கள். மறுநாள் மதியம், கொல்லம் நகரத்தின் ஆசிராமம் மைதானத்தில் அந்தக் குழந்தையை விட்டுவிட்டுக் கடத்தியவர்கள் நழுவிவிட்டார்கள். அங்கே இருந்த கல்லூரி மாணவர்கள், இரவெல்லாம் டி.வி.யில் பார்த்த முகம் இது என்று கண்டுகொண்டார்கள். குழந்தை வீடு சேர்ந்தாள். கடத்தியவர்கள் டிசம்பர் 1 அன்று பிடிபட்டது நம்முடைய தென்காசி மாவட்டத்தில், செங்கோட்டையை அடுத்த புளியரையில்.

இன்னொரு சம்பவத்தையும் இதன் பக்கத்தில் வைக்கிறேன். 2018 மே மாதம். சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் காரில் போகிறது. வழியில் ஒரு கிராமத்தில் நிறுத்துகிறார்கள். அறுபது வயதைக் கடந்த ஒரு அம்மாள் அங்கே விளையாடிய பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுக்கிறார். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. ஊர் திரண்டது. அந்த அம்மாள் அடித்தே கொல்லப்பட்டார். கூட வந்தவர்களும் படுகாயம் அடைந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டம் ரைன்பாடாவில், பிச்சை எடுத்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து ஆண்களை இதே சந்தேகத்தின் பேரில் அடித்துக் கொன்றார்கள். அந்த மாதங்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோ, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம். பைக்கில் வந்தவர் குழந்தையைத் தூக்கிச் செல்வார். பிறகு திருப்பிக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது கடத்தல் மட்டுமே.

ஓயூரில் ஊரை எழுப்பியதும் போளூரில் ஊரை எழுப்பியதும் ஒரே உணர்ச்சிதான்: நம் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். ஒரு இடத்தில் அது குழந்தையைக் காப்பாற்றியது. இன்னொரு இடத்தில் ஒரு பாட்டியைக் கொன்றது. ஓயூரில் உண்மையில் ஒரு குழந்தையைக் காணவில்லை. இடம் தெரியும், நேரம் தெரியும், பார்த்த சாட்சி உண்டு, சொன்னது போலீஸ். போளூரில் எந்தக் குழந்தையும் காணாமல் போகவில்லை; சொன்னது யார் என்றும் தெரியாது. ஆகவே 'அதிகம் பகிரவும்' என்ற நம்முடைய பழக்கத்துக்கு எதிராகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். குழந்தைக்கான அவசர அறிவிப்பு எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பதைவிட, எத்தனை பேர் அதை நம்பி நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்பதுதான் அதன் பலம். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டுமானால் அறிவிப்பு அரிதாக வர வேண்டும், உடனே வர வேண்டும், சரியான வட்டாரத்துக்கு மட்டும் வர வேண்டும், வேலை முடிந்ததும் திரும்பப் பெறப்பட வேண்டும்.

இந்த ஏற்பாடு முதலில் எங்கே உருவானது என்று பார்ப்போம். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம், ஆர்லிங்டன் நகரம். 1996 ஜனவரி 13 அன்று சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த ஆம்பர் ஹேகர்மன் என்ற ஒன்பது வயதுச் சிறுமியை ஒருவன் கருப்பு நிற பிக்கப் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். அக்கம்பக்கத்தில் இருந்த ஒருவர் அதைக் கண்ணால் பார்த்து, உடனே போலீஸுக்கும் சொன்னார். வண்டி தெரியும், நிறம் தெரியும், நேரம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களிடம் இதைச் சொல்ல வழி இல்லை. நான்கு நாள் கழித்துக் குழந்தையின் உடல் ஒரு ஓடையில் கிடைத்தது. கொன்றவன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண், புயல் வருகிறது என்றால் ரேடியோவில் நிகழ்ச்சியை நிறுத்திச் சொல்கிறீர்களே, குழந்தையைக் காணவில்லை என்றால் ஏன் சொல்லக்கூடாது என்று வானொலி நிலையத்தைக் கேட்டார். டல்லாஸ் வட்டாரத்து வானொலிகள் போலீஸோடு சேர்ந்து அதே ஆண்டு அதைச் செய்யத் தொடங்கின. ஆம்பரின் பெயரே அதற்கு நிலைத்தது. 2003-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதை நாடு முழுவதற்குமான ஏற்பாடாக ஆக்கியது. பிறகு செல்போன்களுக்கும் வந்தது.

அவசரத்துக்கு என்ன காரணம்? வாஷிங்டன் மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகம் செய்து 2006-இல் புதுப்பித்த ஆய்வு ஒன்று உண்டு. கடத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளின் வழக்குகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் ஏறத்தாழ 76 விழுக்காட்டில், கடத்திய மூன்று மணி நேரத்துக்குள்ளேயே கொலை நடந்துவிட்டது. இந்த எண்ணைக் கேட்டு ஒவ்வொரு தாயும் பதறுவாள். அதனால் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும்: காணாமல் போகும் குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஆபத்து என்பது இதன் பொருள் அல்ல. கொலையில் முடிந்த, எண்ணிக்கையில் மிகக் குறைவான வழக்குகளைப் பற்றிய கணக்கு இது. ஆனால் அந்தக் குறைவான வழக்குகளுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். அங்கே மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வரும் அறிவிப்பு பெரும்பாலும் யாருக்கும் உதவாது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சீக்கிரம் சொல்ல வேண்டும். ஆனால் சரிபார்த்த பிறகே சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அமெரிக்க நீதித் துறை பரிந்துரைத்த அளவுகோல்களில் இந்த இழுபறி தெரியும். கடத்தல் நடந்திருக்கிறது என்று போலீஸ் நியாயமாக நம்ப வேண்டும். பதினேழு வயதோ அதற்குக் கீழோ உள்ள குழந்தையாக இருக்க வேண்டும். உயிருக்கு அல்லது உடலுக்கு உடனடி ஆபத்து இருக்க வேண்டும். பொதுமக்கள் தேடுவதற்குப் போதுமான அடையாளம் கையில் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பொதுவாக அறிவிப்பு இல்லை. 2022 இறுதியில் டெக்சஸில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி காணாமல் போனபோது இந்த நிபந்தனைகள் உடனே நிறைவேறவில்லை; அறிவிப்பு தாமதமானது; சிறுமி கொல்லப்பட்டிருந்தாள். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் புதுச் சட்டம் கொண்டுவந்தது. கடத்தல் உறுதியாகாவிட்டாலும், காணாமல் போன இடத்தைச் சுற்றி நூறு மைலுக்குள் மட்டும் உள்ளூர்ப் போலீஸ் அதிகாரியே அறிவிப்பு விடலாம் என்று வழி செய்தது. நிபந்தனையைத் தளர்த்தினார்கள், வட்டத்தைச் சுருக்கினார்கள். எனக்கு இது மிகவும் அறிவுள்ள ஏற்பாடாகப் படுகிறது.

சீனாவில் 2016-இல் பொதுப் பாதுகாப்பு அமைச்சகமும் அலிபாபா நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய முறை இதையே வேறு விதமாகச் செய்கிறது. குழந்தை காணாமல் போய் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 100 கிலோமீட்டர் சுற்றளவில் இருப்பவர்களுக்குச் செய்தி. இரண்டு மணி நேரம் என்றால் 200. மூன்று என்றால் 300. அதற்கு மேல் 500. குழந்தையோடு ஒரு வண்டி எவ்வளவு தூரம் போயிருக்க முடியுமோ, அவ்வளவு தூரம் செய்தியும் போகிறது. கன்னியாகுமரியில் நடந்ததற்கு முதல் அரை மணி நேரத்தில் கிருஷ்ணகிரியில் இருப்பவரை எழுப்பிப் பயன் இல்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் இருப்பவரை எழுப்பித்தான் ஆக வேண்டும். நம்முடைய நிர்வாகம் மாவட்ட எல்லையிலும் மாநில எல்லையிலும் நின்றுவிடுகிறது. காருக்கு எல்லை கிடையாது. ஓயூர் வழக்கு புளியரையில் முடிந்ததை மறந்துவிட வேண்டாம்.

பிரான்ஸ் 2006-இல் ஆம்பர் முறையை ஏற்றுக்கொண்டது. அங்கே முடிவெடுப்பவர் அரசு வழக்கறிஞர். அறிவிப்புக்கு அங்கே உள்ள நான்கு நிபந்தனைகளும் நிறைவேறினாலும், அறிவித்தால் கடத்தியவன் பதறிக் குழந்தையை ஏதாவது செய்துவிடுவானா என்று அவர் யோசித்தாக வேண்டும். முடிவெடுத்துவிட்டால் மூன்று மணி நேரம், கால் மணிக்கு ஒருமுறை, நாடெங்கும் தொலைக்காட்சி, வானொலி, நெடுஞ்சாலைப் பலகை, ரயில் நிலையம் எல்லாவற்றிலும் அதே செய்தி. பிறகு நிறுத்தம். இவ்வளவு பெரிய ஏற்பாட்டை அவர்கள் மிக அரிதாகவே பயன்படுத்துகிறார்கள். பல ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான். அதனால் அது ஒலிக்கும்போது பிரான்ஸ் நிமிர்ந்து உட்காருகிறது. அறிவித்த வழக்குகளில் பெரும்பாலானவற்றில் குழந்தைகள் உயிரோடு கிடைத்திருக்கிறார்கள்.

அரிதாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2019 பிப்ரவரியில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பதினொரு வயதுச் சிறுமிக்காக நள்ளிரவை ஒட்டி எல்லாச் செல்போன்களும் அலறின. அதைப் பார்த்த ஒருவர் தந்த தகவலால்தான் தேடப்பட்ட ஆளைப் போலீஸ் பிடித்தது. சிறுமியைக் காப்பாற்ற முடியவில்லை, அதற்குள் கொல்லப்பட்டிருந்தாள். அதே இரவில், தூக்கத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று அவசர எண்ணுக்கே அழைத்துச் சண்டை போட்டவர்களும் இருந்தார்கள். அவர்களைத் திட்டுவது சுலபம். நான் திட்டவில்லை. தொடர்பில்லாத தூரத்திலிருந்து அடிக்கடி அலறும் போன் மனிதனை மரத்துப்போகச் செய்யும். அமெரிக்காவில் ஆம்பர் அறிவிப்பை மட்டும் போனில் அணைத்து வைத்துவிட வசதி இருக்கிறது. எரிச்சலில் ஒருமுறை அணைத்தவர் மீண்டும் அதைத் திறப்பது அரிது. தேவையில்லாத ஒவ்வொரு அறிவிப்பும், அடுத்து வரப்போகும் ஏதோ ஒரு குழந்தைக்காகக் கண் திறந்து பார்க்க வேண்டியவர்களைக் குறைத்துக்கொண்டே போகிறது.

இந்த ஏற்பாட்டை விமர்சித்தவர்களும் உண்டு. நெவாடா பல்கலைக்கழகக் குற்றவியல் அறிஞர் திமதி கிரிஃபின் பல ஆண்டுகள் ஆம்பர் வழக்குகளைத் தோண்டிப் பார்த்தார். கிடைத்த குழந்தைகளில் பெரும்பாலானோர் பெற்றோரில் ஒருவராலோ உறவினராலோ கொண்டுபோகப்பட்டவர்கள். அறிவிப்பு இல்லாவிட்டாலும் அவர்களில் பலர் உயிரோடு திரும்பியிருப்பார்கள் என்பது அவர் வாதம். குற்றத்தைக் கட்டுப்படுத்துவது போன்ற தோற்றத்தை மட்டும் தரும் நாடகம் என்றுகூட எழுதினார். 2024 முடிய 1,200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆம்பர் அறிவிப்பால் மீட்கப்பட்டதாக அமெரிக்க அரசு கணக்குச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கிரிஃபின் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் சொல்வதால் ஏற்பாட்டைக் கைவிட வேண்டியதில்லை. அதற்கு எது முடியும், எது முடியாது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், அந்த ஓராண்டில் காணாமல் போனதாகப் பதிவான குழந்தைகள் 83 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பெண் குழந்தைகள். ஒவ்வொரு குழந்தைக்கும் போன் அலறினால், நாள் ஒன்றுக்கு இருநூறு முறைக்கு மேல் அலறும். அப்புறம் எவரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். இந்தக் குழந்தைகள் எல்லோரும் வெள்ளைக் காரில் தூக்கப்பட்டவர்களும் அல்லர். தேர்வில் தோற்ற பயத்தில் ரயில் ஏறிய பையன் இருக்கிறான். அப்பாவின் அடிக்குத் தப்பி ஓடியவன் இருக்கிறான். வேலை வாங்கித் தருகிறேன் என்ற ஏஜெண்டோடு போன சிறுமி இருக்கிறாள். காதலித்தவனோடு போன பதினேழு வயதுப் பெண் இருக்கிறாள். திருவிழாக் கூட்டத்தில் கையை விட்ட மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தேடும் முறை வேறு.

அந்தப் பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வேற்றுச் சாதிப் பையனோடு வீட்டை விட்டுப் போயிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய அப்பா, மாமன், சித்தப்பா எல்லோரும் ஸ்டேஷனில் நிற்கிறார்கள். மகளைக் கடத்திவிட்டான், போட்டோவை எல்லாப் போனுக்கும் அனுப்புங்கள் என்கிறார்கள். அனுப்பினால் என்ன நடக்கும்? ஆணவக் கொலை செய்யக் காத்திருப்பவர்களுக்கு மாவட்டம் முழுவதையும் வேவுக்காரர்களாக ஆக்கிக் கொடுத்ததாக ஆகும். அவள் குழந்தை, அவளைக் கண்டுபிடிக்க வேண்டும், பாதுகாக்க வேண்டும், அந்தப் பையனின் வயதையும் அவன் செய்ததையும் சட்டம் பார்க்கும். ஆனால் அவளைத் தேடும் வேலை போலீஸுக்குள்ளும் குழந்தைகள் நலக் குழுவுக்குள்ளும் நடக்க வேண்டியது. ஊரின் போனில் நடக்க வேண்டியது அல்ல. குடிகாரக் கணவனின் அடி தாங்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய தாய்க்கும் இது பொருந்தும். கணவன் வந்து, குழந்தையைக் கடத்திவிட்டாள் என்று புகார் கொடுப்பான். ஆகவே அறிவிப்புக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தேடுகிறவரிடமிருந்தே குழந்தைக்கு ஆபத்து உண்டா என்பது. வெளிநாட்டு அளவுகோல்களை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்தால் இந்தக் கேள்வி விடுபட்டுப் போகும். நம் மண்ணுக்கு இது இல்லாமல் முடியாது.

ஆனால் அறிவிப்பைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு முன்னால் இன்னொரு கதவு இருக்கிறது. காவல் நிலையத்தின் கதவு. நொய்டாவின் நிட்டாரி கிராமத்தில் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போனார்கள். ஏழைப் பெற்றோர்கள் ஸ்டேஷனுக்கு நடையாக நடந்தார்கள். அவர்கள் சொல்லைப் போலீஸ் காதில் வாங்கவில்லை. 2006 டிசம்பரில் ஒரு வீட்டின் பின்னால் இருந்த சாக்கடையில் எலும்புகள் கிடைத்த பிறகுதான் நாடு விழித்தது. கைலாஷ் சத்யார்த்தி தொடங்கிய பச்பன் பச்சாவ் ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: காணாமல் போன குழந்தை பற்றி வரும் ஒவ்வொரு புகாரையும் எஃப்.ஐ.ஆராகப் பதிய வேண்டும்; விசாரணையில் வேறு விதமாகத் தெரியவராத வரை அதைக் கடத்தலாகவே கருத வேண்டும். சட்டம் அவ்வளவு தெளிவு. நடைமுறையில் பல இடங்களில் கேட்கும் பதில் உங்களுக்கே தெரியும். "சொந்தக்காரங்க வீட்டுல தேடிப் பாத்தீங்களா? ஒரு நாள் பொறுங்க, வந்துடும்." வற்புறுத்தினால் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நண்பர்களே, காவல் துறையில் இருக்கும் உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறையும் பந்தோபஸ்து வேலையும் எனக்குத் தெரியும். ஆனால் முதல் மூன்று மணி நேரம் ரைட்டரின் மேசைக்கு முன்னால் கரைந்துபோனால், அதற்குப் பிறகு எந்தத் தொழில்நுட்பமும் உதவாது.

வழக்குப் பதிவதையும் ஊரை எழுப்புவதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வழக்குப் பதிவதற்குத் தாய் சொன்ன ஒரு சொல் போதும். ஊரை எழுப்புவதற்கு அதைவிட உயர்ந்த அளவுகோல் வேண்டும். நம்மிடம் இது தலைகீழாகக் கிடக்கிறது. ஸ்டேஷனில் பதிவது கடினம்; வாட்ஸ்அப்பில் ஊரை எழுப்புவது சுலபம். போலீஸ் கைவிட்டுவிட்டது என்று நினைக்கும் தகப்பன் வாட்ஸ்அப்பைத் தேடிப் போகிறான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்டேஷன் கதவு உடனே திறந்தால், பொய்ச் செய்திகளின் பாதித் தீவனம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தொழில்நுட்பம் நம்மிடம் தயாராகவே இருக்கிறது. 2023-இல் நாடு முழுவதும் மாநிலம் மாநிலமாகச் செல் பிராட்காஸ்ட் சோதனை நடந்தது. தமிழ்நாட்டிலும் நடந்தது, ஒரு நாள் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் வித்தியாசமாக ஒலித்ததே, நினைவிருக்கும். மத்திய அரசின் சி-டாட் நிறுவனம் உருவாக்கிய அந்த ஏற்பாட்டில் யாருடைய போன் நம்பரும் தேவையில்லை. குறிப்பிட்ட டவர்களின் கீழ் இருக்கும் அத்தனை போன்களுக்கும் செய்தி போகும். கூட்டத்தில் நெட்வொர்க் திணறும்போதும் போகும். வெள்ளத்துக்கும் புயலுக்கும் உருவானது. குழந்தைக் கடத்தலுக்கும் இதைப் பயன்படுத்த, யார் முடிவெடுப்பது, எந்த நிபந்தனையில், எத்தனை நேரத்துக்கு, எந்த வட்டத்துக்கு என்று எழுதிவைத்த விதி வேண்டும். முடிவு மாவட்ட எஸ்.பி.யிடமும் மாநிலக் கட்டுப்பாட்டு அறையில் இரவும் பகலும் பொறுப்பில் இருக்கும் ஒரு மூத்த அதிகாரியிடமும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இருவரும் போனில் பேசி அரை மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அமைச்சர் அலுவலகத்தின் ஒப்புதலுக்கோ, டி.வி.யில் விவாதம் சூடு பிடிக்கும் வரையோ காத்திருக்கக் கூடாது.

செய்தியில் என்ன எழுதுவது என்பதும் ஒரு தனி வேலை. அமெரிக்காவில் செல்போன் அறிவிப்பு தொடங்கியபோது 90 எழுத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருந்தது. 2019-இல்தான் 360 ஆனது. செல் பிராட்காஸ்ட் செய்தியின் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிகூடத் தமிழுக்குக் கிடைக்காது; குறியீட்டு முறை அப்படி. எனவே ஒவ்வொரு சொல்லும் வேலை செய்ய வேண்டும். மனிதர்கள் முகத்தை நினைவில் வைப்பதில் மிகவும் பலவீனமானவர்கள். ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லாம்பினென் குழுவினர் செய்த சோதனைகளில், காணாமல் போனவர் படத்தைப் பார்த்த சிறிது நேரத்திலேயே அதே ஆளை நேரில் கண்டவர்களில் பெரும்பாலானோர் அவரைக் கவனிக்கவே இல்லை. வண்டி எண்ணும் வண்டி நிறமும் சட்டை நிறமும் முகத்தைவிட நன்றாக உதவும். குழந்தையின் வயது, உடுத்தியிருந்த நிறம், வண்டி, கடைசியாகப் பார்த்த இடம், நேரம்: இவ்வளவு போதும். கடைசியில் கட்டாயம் இருக்க வேண்டிய வரி: "பார்த்தால் நெருங்காதீர்கள், பிடிக்காதீர்கள், 112-க்கு அழையுங்கள்." போளூரை மறக்காதவர்கள் இந்த வரியைச் செய்தியிலிருந்து எடுக்க மாட்டார்கள். திருப்பூரிலும் ஓசூரிலும் அனுப்பும்போது அதே செய்தி இந்தியிலும் போக வேண்டும். பிள்ளை பிடிக்கிறவர் என்ற சந்தேகம் முதலில் அங்கே வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர் மேல்தான் விழுகிறது. அவர்களையும் தேடுகிறவர்களாகச் சேர்த்துக்கொண்டால் அந்தச் சந்தேகமும் கொஞ்சம் குறையும்.

பொதுமக்களை எழுப்புவதற்கும் முன்னால் எழுப்ப வேண்டிய ஒரு சிறிய வட்டம் உண்டு. சுங்கச்சாவடி ஊழியர்கள், மாநில எல்லைச் சோதனைச் சாவடிகள், ரயில்வே பாதுகாப்புப் படை, டி.டி.ஆர்., நீண்ட தூரப் பேருந்து நடத்துநர்கள், ஆட்டோ ஸ்டாண்டுகள், சாலையோர ஓட்டல்கள், லாட்ஜ் வரவேற்பு மேசைகள். இவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லாமல் நள்ளிரவிலும் செய்தி போகலாம். விழித்திருப்பதே இவர்கள் வேலை. வீட்டை விட்டு ஓடிய பையனுக்கும் ஏஜெண்டோடு போன சிறுமிக்கும் இந்த வட்டமே பெரும்பாலும் போதும். காணும் பொங்கலன்று மெரினாவில் பிள்ளைகளின் கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீஸ் கட்டிவிடுகிறார்களே, அது மிக எளிய, மிக நல்ல ஏற்பாடு. பிள்ளை தொலைவதற்கு முன்பே அறிவிப்பு அதன் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தேர்த் திருவிழாவுக்கும் அதைக் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக, குழந்தை கிடைத்த பிறகு. இங்கே இருப்பவர்களில் பலருடைய குடும்பக் குழுவில், 'இந்தக் குழந்தையைக் காணவில்லை' என்று தேதியோ ஊரோ இல்லாத ஒரு படம் இந்த மாதம் வந்திருக்கும். அந்தக் குழந்தை எப்போதோ வீடு சேர்ந்திருக்கலாம். இப்போது கல்லூரியில்கூடப் படிக்கலாம். ஆனால் அந்தப் படம் இன்னும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. அதில் இருக்கும் தகப்பனின் எண்ணுக்கு இன்னும் அழைப்புகள் வருகின்றன. அந்தக் குழந்தை குற்றத்துக்கு ஆளாகியிருந்தால், அதன் அடையாளத்தை வெளியிடுவதே சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். தேடும்போது படம் உதவியது. கிடைத்த பிறகு அதே படம் அந்தப் பிள்ளையின் வாழ்நாள் முழுதும் அதைத் துரத்துகிறது. அறிவிப்பு விடும் அதே அலுவலகம், குழந்தை கிடைத்தவுடன் அதே போன்களுக்குத் திரும்பப் பெறும் செய்தியையும் அனுப்ப வேண்டும். படத்தை அழிக்கச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் ஏவுகணை வருகிறது என்று தவறாகப் போன செல்போன் எச்சரிக்கையைத் திருத்தி இரண்டாவது செய்தி அனுப்ப 38 நிமிடம் ஆனது. திருத்தச் செய்தியை யாரும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். நாம் அதை முதல் நாளே எழுதி வைத்துவிடலாம்.

பத்திரிகை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குழந்தை கிடைத்த செய்தியையும் காணாமல் போன செய்தியின் அளவிலேயே போடுங்கள், பெயரும் முகமும் இல்லாமல் போடுங்கள். தலைமையாசிரியர்கள் குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐப் பள்ளிச் சுவரில் எழுதிவைத்தால் மட்டும் போதாது. பிள்ளைகளையே ஒருமுறை பேச வைத்துப் பழக்குங்கள். ஓயூரில் அந்த அண்ணன் சொன்னது போல, பார்த்ததைப் பதறாமல் சொல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிய வேண்டும். பெற்றோர்களே, குழந்தை காணவில்லை என்றால் குழுவில் போடுவதற்கு முன் 112-ஐ அழையுங்கள், ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவைச் சொல்லுங்கள். தேதியும் ஊரும் இல்லாத படம் கைக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். செல் பிராட்காஸ்ட் விதி எழுதப்பட வேண்டும் என்று உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்; பதில் வரும்வரை மீண்டும் எழுதுங்கள்.